இடது ஓரம்

நாலாவது ஆல்பத்தையும் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டுச் சின்னவள் அதைத் தொப்பென்று தரையில் போட்டாள். ஒன்றில்கூட அம்மாவின் முகம் இல்லை. அம்மா இருந்தாள். எல்லாக் குடும்பப் படத்திலும் இடது ஓரத்தில், கையும் காலும் செருப்புமாக ஒழுங்காகத்தான் நின்றிருந்தாள். கழுத்துக்கு மேலேதான் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல் இறங்கி ஆளையே தின்றுவிட்டிருந்தது.

"ஒண்ணுகூடவா தேறல?" என்றான் அண்ணன். ஃப்ரேம் கடைக்காரர் அதற்குள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். விடிகாலையில் அம்மாவின் மூச்சு நின்றது. நாலு மணிக்கு மயானத்துக்கு வண்டி வருகிறது. அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சின.

"ஃபோன்ல பாரேன்."

"பார்த்தாச்சு. எல்லாத்துலயும் உள்ளங்கைதான் இருக்கு."

யாராவது ஃபோனைத் தூக்கினால் போதும், அம்மா கையை முகத்துக்கு நேரே நீட்டிவிடுவாள். 'நான் வேணாம்ப்பா, உங்க படம் கெட்டுப்போயிடும்' என்பாள்.

"அவ ராசி அப்படி," என்றாள் அம்மாவைக் கிடத்தியிருந்த கட்டிலருகே உட்கார்ந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை. "அவ நின்ன படம் என்னிக்கு விளங்கிச்சு? எங்கண்ணன் எவ்வளவு பாடுபட்டு எடுப்பாரு! 'இவளைக் கண்டா கேமராவுக்கே கண்ணு கூசுது'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு, பாவம்."

அந்தப் பாவப்பட்ட மனிதர் முன்னறையில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எல்லாரிடமும் ஒரே வாக்கியம். "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டா." 'தனியா' வந்ததும் ஒரு விம்மல், எல்லாத் தடவையும் அதே இடத்தில். எட்டாவது தடவையோடு சின்னவள் எண்ணுவதை விட்டாள்.

அவள் இருபத்திரண்டு வருஷமாகக் கேமரா ரிப்பேர் பார்க்கிறவள். வாடிக்கையாளர் படத்தை மேஜையில் வைத்த மறுநொடியே எந்தப் பக்கம் வெளிச்சம் கசிகிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் இந்த ஆல்பங்கள் அப்பாவின் அலமாரியில் பூட்டிக் கிடந்தவை; அவள் கடைசியாகப் பார்த்தது சின்ன வயதில். கேமராவையும் அவர் தொடவிட்டதில்லை. "என் கேமராவுல ஒரு குறையும் கிடையாது. நீ கடையில கிண்டற டப்பாவெல்லாம் வேற" என்பார். இப்போது நாலு ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தாள். கடற்கரை, பள்ளிக்கூட வாசல், அண்ணனின் கல்யாணம். எங்கே எடுத்தாலும் அதே ஓரம், அதே சாய்வு. ராசியாவது மண்ணாங்கட்டியாவது!

"அப்பா, கேமராவைக் குடுங்க."

அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே அலமாரிச் சாவியை நீட்டினார். "எடு, எடு. வண்டி வர்றதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வெச்சு அதுலயே ஒண்ணு எடுத்துடு. அவளுக்கு ஒரு மரியாதையா இருக்கும்."

தன் ரிப்பேர்ப் பையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஜன்னலில் துண்டை அடைத்தாள். மூன்று மாதப் படுக்கையின் நாற்றம் இன்னும் அங்கே இருந்தது, மருந்தும் மூத்திரமும் பினாயிலுமாக. லென்ஸைக் கழற்றி, ஷட்டரைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு, கேமராவின் வாயில் டார்ச்சை அழுத்தினாள். பின்மூடியின் வலப்பக்கத்தில், கீல் இருந்த இடத்தில், கீழ்ப்பாதியில் மயிரிழை வெளிச்சம் வெளியே எட்டிப் பார்த்தது. கேமராவுக்குள் படம் தலைகீழாக, இடம் வலம் மாறித்தான் விழும். உள்ளே வலப்பக்கம் கீழே கசிந்தால், படத்தில் இடப்பக்கம் மேலே. அம்மாவின் முகம் இருந்த இடம்.

விளக்கைப் போட்டுப் பின்மூடியைத் திறந்தாள். வெளிச்சத்தை அடைக்க ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் அழுகிக் கரும்பசையாகியிருந்தது. தொட்டால் ஒட்டியது, இழுத்தால் நூல்விட்டது. சே! கீல் பக்கம் கீழ்ப்பாதியில் அதுகூட இல்லை. எப்போதோ உரிந்துபோய்த் தகரம் தெரிந்தது. பல் குத்தும் குச்சியால் வழித்து வழித்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். நகக்கண்ணில் ஏறியதை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

எல்லாம் சேர்த்து அரைமணி நேர வேலை. அப்பாவுக்கு இது தெரிந்திருக்காது என்று அவள் நினைத்தாள். தெரியாமல்தான் அந்த மனிதர் அத்தனை வருஷம் அம்மாவைக் கேலி பேசியிருக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகவும் இருந்தது.

லென்ஸ் மூடியைத் தோல் உறைக்குள் துழாவியபோது அட்டை தட்டுப்பட்டது. உறையின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருந்தது. அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. தேதி, அவள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு.

'இடது ஓரம் மேலே வெளிச்சம் கசிகிறது. முக்கியமான எதையும் அங்கே வைக்கக் கூடாது.'

தேதியை மறுபடி பார்த்தாள். மனுஷனா இவர்?

கடற்கரைப் படம் ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. 'நான் அம்மா பக்கத்துல நிக்க மாட்டேன், என் மூஞ்சியும் எரிஞ்சிடும்' என்று காலை உதைத்து அழுதாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னும் ஓர் அடி தள்ளிப்போய் நின்றாள், பிள்ளை கெட்டுப்போய்விடக் கூடாதே என்று. அப்பாவின் மேல் கிளம்பிய அருவருப்பு சுற்றி வந்து அவள் மேலேயே விழுந்தது.

பையிலிருந்து புது ஸ்பாஞ்ச் பட்டையை எடுத்து வெட்டி ஒட்டினாள். கீலின் இடுக்குக்கு அது தடிமன். அங்கே கருப்புக் கம்பளி நூல்தான் சரிப்படும். கடையில் ஓர் உருண்டையே இருக்கிறது, பையில் இல்லை. பின்னறைக்குப் போனாள். அம்மாவின் கருப்புக் கம்பளிச் சால்வையைத்தான் அவள்மேல் போர்த்தியிருந்தார்கள்.

"ஒரு நூல் எடுத்துக்கறேம்மா," என்று கழுத்தருகே கரையிலிருந்து ஓர் இழையை உருவி வெட்டினாள். அத்தை விநோதமாகப் பார்த்தாள்.

நூலை இடுக்கில் அமுக்கி, மறுபடி இருட்டில் டார்ச்சை வைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பையிலிருந்த ஃபிலிமைப் போட்டாள்.

"ஃப்ரேம் கடைக்கு ஃபோன் போட்டு நாளைக்கு வர்றோம்னு சொல்லு," என்றாள் அண்ணனிடம். "அம்மா படம் நான் தர்றேன்."

மூன்றரைக்கு எல்லாரையும் பின்னறைக்குக் கூப்பிட்டாள். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள். கேமரா வழியே பார்த்தால் அம்மாவின் தலை இடது ஓரத்தில் வந்தது. அண்ணன், அண்ணி, அத்தை, அக்கம்பக்கத்தார் என்று ஒன்பது பேர் கட்டிலுக்குப் பின்னால் நின்றார்கள். அப்பா கடைசியாக வந்தார், தலையை வாரிக்கொண்டு.

"அப்பா, நீங்க அம்மா தலைமாட்டுல நில்லுங்க."

இரண்டடி வந்தார். கேமராவைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"நான் இங்கயே நிக்கிறேனே."

"அட, போய் நில்லுண்ணே," என்றாள் அத்தை. "இன்னிக்குக்கூட அவ பக்கத்துல நிக்காட்டி எப்படி?"

"அந்த ஓரம் கெட்டுப்போயிடும்," என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது போலிருந்தது.

"எந்த ஓரம்?" என்றான் அண்ணன்.

அப்பா சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினார். "யாராவது ஒருத்தர் அங்க நின்னுதானே ஆகணும்," என்றார் மெல்ல, சுவரைப் பார்த்து.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல அரையடி வலப்பக்கம் நகர்ந்தாள். அண்ணி நகர்ந்தாள். அக்கம்பக்கத்தார் நகர்ந்தார்கள். கடைசியில் அண்ணனும் நகர்ந்தான். அப்பா அவர்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார்.

'சரிபண்ணிட்டேன், பயப்படாம நில்லுங்க' என்பது சின்னவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நகக்கண்ணில் இன்னும் கருப்பு ஒட்டியிருந்த விரலால் பொத்தானை அமுக்கினாள்.

மறுநாள் தன் கடையில் படத்தைக் கழுவி எடுத்தாள். வலப்பக்கம் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். இடது ஓரம் சுத்தமாக இருந்தது. அம்மாவின் மூடிய இமை தெரிந்தது, புருவத்தில் இருந்த பழைய தழும்பு தெரிந்தது. கழுத்தருகே சால்வையின் கரையில், ஓர் இழை இல்லாத இடமும் தெரிந்தது.