கூடத்துப் பல்லி

எங்கள் கூடத்தில் பல்லி பேச ஆரம்பித்தது ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். என் மாமியார் பாண்டியம்மாள் மகனுடைய படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "எங்கன இருந்தாலும் எம் மகன் உசுரோடதான் இருக்கான்" என்றார். தலைக்கு மேலே 'கீச்' என்று ஒரு சத்தம். அத்தை விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டினார்.

"கேட்டியா சுபா? பல்லி சொல்லிருச்சு."

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் பல்லி எதுவும் இல்லை. பல்லி என்றால் நாலைந்து தரம் சேர்ந்தாற்போல் உச்சுக்கொட்டும், இது ஒரே ஒரு தடவைதான் என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

அந்த மகன்தான் என் கணவர் விஜய்ராஜ். கட்டிடங்களில் தீ அலாரம் மாட்டுவது அவர் தொழில். அதற்குப் பத்து மாதத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போனார். மலை சரிந்து ரிசார்ட்டில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. ஆறு உடல்களை எடுத்தார்கள். அவரை எடுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம், "போன்ல சார்ஜ் இல்ல, கீச்சு கீச்சுங்குது. நாளைக்குப் பேசுறேன்" என்றதுதான் கடைசி.

படத்துக்கு மாலை போட அத்தை விடவில்லை. பக்கத்தில் ஒரு அகல் மட்டும் நாள் முழுக்க எரியும். கேட்டால், அது சாமிக்கு, படத்துக்கு இல்லை என்பார். நானும் தாலியைக் கழற்றவில்லை. எங்கள் ஊர் கூடலூரில் ஏதாவது விசேஷ வீட்டுக்குப் போனால், குங்குமத் தட்டை என்னிடம் நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் கையை நிறுத்துகிறார்கள். அந்தப் பாதியில் நின்ற கையைப் பார்க்கும்போது எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

பல்லி பேச ஆரம்பித்ததும் அத்தைக்குத் தெம்பு வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் கேள்வி. அவன் சாப்பிட்டானா? கீச். அவனுக்கு அடிகிடி பட்டிருக்கா? கீச். அதற்குக் கொஞ்சம் அழுவார். "அம்மாவ நெனைக்கிறானா?" கீச். சில சமயம் பதில் உடனே வரும், சில சமயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் வராமல் இருந்ததில்லை. கேட்காத நேரத்திலும் அது கத்தும், அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு நாள் குங்குமத் தட்டு விவகாரத்தில் மனசு வெந்து வீட்டுக்கு வந்தேன். அத்தை கொல்லையில் இருந்தார். கூடத்தில் நின்று, வாயைத் திறக்காமல், 'அவுக செத்துப்போயிட்டாகளா?' என்று மனசுக்குள் கேட்டேன்.

கீச்.

அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் தனியாக நிற்கவே பயந்தேன். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

புரட்டாசியில் அது நடந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் கூடம் முழுக்கப் புகை. அகல் சரிந்து, படத்துக்குக் கீழே விரித்திருந்த துணி கனன்று கருகிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பாயில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், எழவில்லை. குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவரை வாசலுக்கு இழுத்து வந்தேன். அரை மணி நேரம் இருமின பிறகுதான் பேச்சு வந்தது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, அத்தைமேல் அல்ல, என் கணவர்மேல். இந்த வீட்டுக் கூரையில் அவர் கையாலேயே மாட்டின புகை அலாரம் ஒன்று இருக்கிறது. அது ஏன் கத்தவில்லை?

அதை மாட்டின அன்றைக்கு வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. பொட்டிப்புரத்திலிருந்து வந்திருந்த தங்கபாண்டி மாமா, அதன் முதுகில் இருந்த மூன்று இதழ்க் கதிரியக்கக் குறியைப் பார்த்துவிட்டார். "நியூட்ரினோ ஆராய்ச்சின்னு எங்க ஊரு மலையக் கொடையக் கூடாதுன்னு நாங்க வருசக்கணக்காக் கத்துறோம். நீ கதிர்வீச்ச வீட்டுக்குள்ளயே கொண்டாந்து மாட்டுறயா? வெளங்கும்டா!"

இவர் சிரித்தார். "உள்ள ஒரு சின்ன அறை இருக்கு மாமா. அதுல கடுக விடச் சின்னதா ஒரு பொட்டு. அதோட கதிரு காத்த உசுப்பிவிடும், அதனால கொஞ்சூண்டு கரண்டு எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கும். புகை உள்ள போனா கரண்டு தடுமாறும். தடுமாறுனா கத்தும்." பக்கத்தில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். "அந்தப் பொட்டுலருந்து வர்றதுல பெரும்பங்கு இந்தத் தாளையே தாண்டாது. பிரிச்சுப் பாக்கக் கூடாது, நெருப்புல போடக் கூடாது. மத்தபடி வீட்டுல இருக்கலாம்."

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். வெள்ளை மூடி என் முகத்துக்கு நேரே வந்தது. ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் மினுக்கியது.

கீச்.

என் மூக்குக்கு முன்னால். ஸ்டூலிலிருந்து விழாமல் இருந்தது என் நல்ல நேரம். பல்லியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேட்டரி சாகப் போகும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடும் என்று சொல்லியிருந்தார். ஒன்றரை மாதமாக அது 'ஆமாம்' என்று சொல்லவில்லை. நான் சாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நேரம் வந்தபோது புகைக்குக் கத்த அதில் தெம்பு மிச்சமில்லை. நாங்கள் தரையைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி முழுக்க அத்தை இருமினார். பேட்டரியை மாற்றினால் பல்லி நின்றுவிடும், அத்தை அதைத் தாங்குவாரா தெரியவில்லை. மாற்றாமல் விட்டால் அடுத்த தடவை நான் வருவதற்குள் அவரே இருக்கமாட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு தரமும் வெந்நீரைத்தான் நீட்டினேன்.

மறுநாள் அத்தை ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போன நேரம், அலாரத்தைத் திருகிக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பேட்டரியை உருவித் தரையில் வைத்தேன். பேட்டரி இல்லாத அந்த வெள்ளை டப்பாவைப் பார்த்து, இத்தனை நாளும் வாய்விட்டுக் கேட்காததைக் கேட்டேன்.

"இருக்கீகளா?"

கீச்.

பேட்டரி தரையில் கிடந்தது. கழற்றின பிறகும் ஒன்றிரண்டு தடவை கத்தும், உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று அதையும் அவர்தான் சொல்லியிருந்தார். இருந்தாலும் மறுபடி கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் தரமும் கேட்டேன். தெருவில் ஜீப்புகள் போகிற சத்தம் மட்டும் வந்தது. வாங்கி வந்த புதுப் பேட்டரியைப் போட்டு, திரும்ப மாட்டிவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் அத்தை அகலை மறுபடி ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். "எம் மகன் உசுரோடதான இருக்கான்?"

நான் அடுப்படி வாசலில் நின்றேன். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொரு நிமிஷம். அத்தை மடக்கின விரலோடு கையைத் தரைக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நாக்கை அண்ணத்தில் ஒட்டி நானே ஒரு உச்சுக் கொட்டிவிடலாமா என்று நினைத்தேன். நாக்கு வறண்டு கிடந்தது.

ரொம்ப நேரம் கழித்து அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"போயிருச்சு போல."

"பல்லிதான அத்த, எங்கிட்டாச்சும் போயிருக்கும். திரும்பி வரும்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் பல்லியச் சொல்லல சுபா."

பிறகு அவரே எட்டி, பதினோரு மாதமாக எரிந்த அகலின் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அணைத்தார். கரிந்த திரியிலிருந்து ஒரு நூல் புகை எழுந்தது. படத்தைத் தாண்டி, சுவரோரமாக, அவசரமே இல்லாமல் மேலே போனது. நாங்கள் இரண்டு பேரும் அது போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூரையில் அலாரம் வீறிட்டது. வீடே அதிர்ந்தது. பொத்தானை அழுத்தி நிறுத்த எனக்குத் தெரியும், ஸ்டூலும் பக்கத்தில்தான் இருந்தது. நான் போகவில்லை. அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் தோளைப் பிடித்தார். அந்தச் சத்தத்துக்குள்ளே எங்களில் யார் முதலில் கதறினோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.