காலிப் பட்டியல்

பெங்களூரிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தபோது, அந்த வேலைக்குக் கேட்ட லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியை மருது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மில் ஆபீஸில் சம்பளக் கணக்குக்கு பேசிக் என்ற மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன் அவன். எண்பத்தேழில் மதுரையில் அவனுக்கு எட்டிய எந்த மிஷினிலும் லிஸ்ப் இல்லை. நண்பன் அனுப்பிய லிஸ்ப் புத்தக ஜெராக்ஸ் பக்கங்கள்தான் இருந்தன. அதனால் மனைவி தங்கப்பொண்ணு கம்ப்யூட்டர் ஆனாள்.

அவள் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கோரிப்பாளையம் மாடி வீட்டில் அவன் காகிதத்தில் எழுதி நீட்டுவான். அவள் உள்ளே இருக்கும் அடைப்புக்குறியிலிருந்து தொடங்கி விடை சொல்வாள். கூட்டலா பெருக்கலா என்பது முன்னால் வரும், எண்கள் பின்னால். அது சீக்கிரம் பழகிவிட்டது. ஒரு பெயரில் வைத்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி அதே பெயரில் திரும்பப் போடும் பேசிக் கைப்பழக்கம்தான் அவனை விட்டுப் போகவில்லை. அந்தப் பக்கங்களில் அது கூடவே கூடாது. ஃபங்ஷன் என்ற சின்னப் புரோகிராம் துண்டு தன்னையே கூப்பிட்டுத்தான் எண்ண வேண்டும். அவன் எழுந்து நடப்பான். ஜன்னலை மூடுவான், திறப்பான்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், ஒரு பட்டியலில் எத்தனை பெயர் என்று எண்ணும் ஃபங்ஷனை எழுதினான். முதல் பெயருக்கு ஒன்று. மிச்சப் பட்டியலை அதே ஃபங்ஷனிடம் கொடுத்து, வருவதைக் கூட்டு. பட்டியல் காலியானால் பூஜ்யம் என்று சொல்லி நிறுத்தும் வரி இல்லை. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலியின் மிச்சமும் காலிதான். அது தன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

“சரியா இருக்கா?”

“சரிதான்” என்றாள்.

மறுநாள் வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு தரம் போர்டில் எழுதினாள். வேலை கிடைத்தால் வீடு, வாடகை, கூடலழகர் கோயில் தெருவில் இருக்கும் அவன் அம்மா என்று எல்லாம் பேசியிருந்தான். அவளுடைய வேலை அந்தப் பேச்சில் வரவே இல்லை. கோபம் நியாயம்தான், ஆனால் சொன்னது பொய். கடைசி மணிக்கு முன்பே அனுமதி கேட்டுக் கிளம்பினாள். டவுன் பஸ்ஸில் சீட் இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டி புறப்பட இருந்தது. ஜன்னலோரம் மருது.

“காலிப் பட்டியல் வந்தா நிறுத்தணும். நீங்க எழுதல.”

அவன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். “நேத்தே தெரியுமா?”

“தெரியும். நான் வாரேனான்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கலையே.”

வண்டி நகர்ந்துவிட்டது.

பட்டியலை எண்ணும் கேள்வியை இன்டர்வியூவில் யாரும் கேட்கவில்லையாம். ஒரு ஃபங்ஷனையே இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்து, பட்டியலில் உள்ள எல்லா எண்ணையும் இரட்டிக்கச் சொன்னார்களாம். செய்துவிட்டான். வேலையும் கிடைத்தது. திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றாமலே அதைச் சொல்லிவிட்டு, “நீ வாரியா?” என்று கேட்டான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியாமல் நகர மாட்டேன் என்றாள். அவன் தனியாகப் போனான். மே மாத லீவில் அவளும் ஒரு பெட்டியோடு போனாள், ராஜினாமா எழுதாமல். ஜூனில் பள்ளி திறந்தால் என்ன செய்யப்போகிறாள் என்று மருது கேட்டதற்கு, இருந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள்.