ஆளுக்குப் பாதி ஸ்கோப்

தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற அந்த ஸ்கோப்பை வாங்கும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். பிரிக்கும்போதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரித்தார்கள். அந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமைக்குக் குறைச்சல் இல்லை.

போன கிறிஸ்துமஸ் அன்று, பிரியாணி அண்டா பாதிகூடக் காலியாகாத நேரத்தில், சாலமோன் வீட்டு நடுக்கூடத்தில் வைத்து அந்தப் பாகப்பிரிவினை நடந்தது. நீளக் குழாயும் முக்காலியும் சாலமோனுக்கு. கண் வைத்துப் பார்க்கிற துண்டு இருக்கிறதே, ஐபீஸ், அதை எபினேசர் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். குழாய் இல்லாத ஐபீஸில் ஒரு மண்ணும் தெரியாது. ஐபீஸ் இல்லாத குழாயை மாடியில் கட்டி மழைத்தண்ணீர் இறக்கலாம். இது இருவருக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்துதான் பிரித்தார்கள். நடுவில் நின்ற மோனிகா எபினேசருக்குத் தங்கச்சி, சாலமோனுக்குப் பெண்டாட்டி. "அத என் தலையில போட்டு ஒடச்சிட்டு ரெண்டு பேரும் நிம்மதியா இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள்தான், மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு பறவை. அதுவும் சிட்டுக்குருவி அளவே உள்ள பறவை.

எபினேசர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டுகிற ஆலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். புதுவாயலில் வீடு. சாலமோன் அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். வள்ளூரில் அவன் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் உப்பங்கழி. கைவிட்ட உப்பளம், சாம்பல் கலந்த சேறு, தலைக்கு மேல் புகைக்கூண்டுகள். மனுஷன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இடம். ஆனால் ஐப்பசி வந்துவிட்டால் சைபீரியாவிலிருந்து புறப்பட்ட உள்ளான், உப்புக்கொத்திப் பறவைகள் வேறு இடமே கிடைக்காததுபோல அங்கேதான் வந்து இறங்கும். பதினைந்து வருஷமாக இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அடுத்தபடி அந்தக் கழிதான்.

போன வருஷ ஐப்பசியில், சாலமோன் டூட்டிக்குப் போயிருந்த ஒரு நாள், எபினேசர் வெறும் பைனாகுலரில் அதைப் பார்த்தான். கரண்டிமூக்கு உள்ளான். மூக்கு நுனி சின்னக் கரண்டியாகத் தட்டையாக விரிந்திருக்கும். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். அதே அளவுள்ள சாதாரணக் கொசு உள்ளான் கூட்டத்துக்கு நடுவில் அது நாலு எட்டு வைத்தது, பிறகு கூட்டத்தில் கலந்துவிட்டது. எபினேசர் அங்கேயே நின்று, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டான். மறுநாள் சென்னையிலிருந்து வரிசையாகக் கார்கள் வந்தன, ஆளுயரக் கேமராக்கள் வந்தன. பறவை மட்டும் வரவில்லை. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள்.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் சாலமோன் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். "கொசு உள்ளான் மூக்குல சேறு ஒட்டிக்கினு இருந்திருக்கும். எங்க மச்சான் பாக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுவாரு. அவுரு சொல்றதுல பாதிய தள்ளிட்டு கேளுங்க." குரூப் முழுக்கச் சிரிப்பு பொம்மைகள். எவனோ ஒருவன் "கரண்டி சார்" என்று பெயர் வைத்தான். பெயர் ஆலைக்கும் போய்ச் சேர்ந்தது. எபினேசருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பயல்கள்கூட, உலைப் பக்கம் அவன் வரும்போது, "கரண்டி வருதுடா" என்றார்கள். அதற்கு முன்பு, 'எபினேசர் சார் பார்த்தேன்னு சொன்னா பார்த்ததுதான்' என்று அந்தக் குரூப்பில் ஒரு பேச்சு இருந்தது. அவன் சம்பாதித்ததிலேயே உருப்படியானது அந்தப் பேச்சு ஒன்றுதான். அதைச் சொந்த மாப்பிள்ளையே தெருவில் போட்டு மிதித்துவிட்டான். அதே குரூப்பில் மன்னிப்புக் கேள் என்று கிறிஸ்துமஸ் அன்று எபினேசர் கேட்டான். "சேறு சேறுதான்" என்றான் சாலமோன். அப்புறம்தான் ஸ்கோப் இரண்டானது.

இந்த வருஷம் ஐப்பசி முதல் சனிக்கிழமை. தண்ணீர் வற்றிச் சேறு தெரிகிற காலை நேரம் பார்த்து எபினேசர் கழிக்கு வந்தபோது, சாலமோன் ஏற்கெனவே வரப்பில் முக்காலியை நட்டு நின்றுகொண்டிருந்தான். அதன் மேல் குழாய். பின்பக்க ஓட்டையைத் தயிர் டப்பா மூடியால் அடைத்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தான். ஒன்றும் தெரியாத குழாயை இவ்வளவு தூரம் எதற்குச் சுமந்து வரவேண்டும்? வயிற்றெரிச்சலைக் கிளப்பத்தான். எபினேசர் மட்டும் என்ன யோக்கியம்? ஐபீஸைச் சட்டைப் பையில் வெளியே துருத்திக்கொண்டு தெரிகிற மாதிரி வைத்திருந்தான்.

கழியில் இறங்கிவிட்டால் யாரும் சத்தம் போடக்கூடாது. அது எழுதாத சட்டம். ஒருமுறை நண்டு கால் விரலைக் கவ்வியபோதுகூடச் சாலமோன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றானே தவிர, வாயைத் திறக்கவில்லை. அதனால் இவர்களுடைய சண்டையும் கிசுகிசுப்பில்தான் நடந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ ரகசியம் பேசுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

"மஞ்ச சட்ட போட்டுக்கினு வந்தா பறவ எப்படி சார் உக்காரும்?" என்றான் சாலமோன், திரும்பிப் பார்க்காமலே. பத்து மாதமாக 'மச்சான்' போய் 'சார்' வந்திருந்தது.

"சட்டைய பாத்துலாம் ஓடாது சார். சில பேரு மூஞ்சிய பாத்துதான் ஓடும்."

"வர்ற வழியில எங்க தெருவுலதான் வண்டிய நிறுத்திருப்பீங்க. எடுத்துடுங்க. போர் போடற லாரி வரும்."

"தெரு உங்க அப்பா பேர்ல பட்டா ஆயிடுச்சா? சொல்லவே இல்ல."

சாலமோனுக்கு மூக்கு விடைத்தது. மேலே ஏதோ சொல்ல வந்தவன், எபினேசர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அப்படியே விறைத்து நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பழைய உப்பளக் கரையோரம், தூரத்தில், கொசு உள்ளான்கள் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று. மூக்கு நுனி அகலம். போன வருஷம் பார்த்த அதே அகலம், அதே இடம். ஆண்டவரே, இத்தனை நாள் கழித்து என் பக்கம் திரும்பினீரே என்று எபினேசர் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் பைனாகுலர் இதற்கு மேல் காட்டாது. முழு ஸ்கோப் வேண்டும். அதில் பாதி, பக்கத்தில் தயிர் டப்பா மூடி போட்டுக்கொண்டு நின்றது.

சாலமோனும் தன் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்துவிட்டான். அவன் உதடு கோணியது. "மறுபடியும் சேறா சார்?"

"கொழாய இந்தப் பக்கம் திருப்பு."

"எதுக்கு? கொழாய் என்னுது."

"கண்ணு என்னுது."

"அப்ப கண்ண நீயே வெச்சிக்கினு பாரு, தெரியுதான்னு பாப்போம்."

இப்படியே இரண்டு பேரும் பல்லைக் கடித்தபடி சீறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பறவை யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை என்று கடைசியில் சாலமோனுக்கே உறைத்தது. ரப்பர் பேண்டைப் பிய்த்து எறிந்தான்.

"சரி. நீ மொதல்ல பாரு. அப்புறம் நானு. சேறுன்னா சேறுன்னு சொல்லணும். வாய்ல வேற எதனா வந்துச்சின்னா இந்த ஜென்மத்துக்கும் என் ஊட்டு வாசப்படி மிதிக்காத."

"கரண்டின்னா?"

"கரண்டின்னா இங்க நின்னே குரூப்புல சொல்றேன். நான்தான் பொய்யி, எங்க மச்சான் உண்மைன்னு."

"சொல்லுவ?"

"பேசினா பேசினதுதான். பேஜார் பண்ணாத. பாரு."

எபினேசர் ஐபீஸைப் பொருத்தித் திருகினான். பத்து மாதமாகப் பிரிந்து கிடந்த இரண்டும் திருகுக்குத் திருகு சரியாக உட்கார்ந்தன. குனிந்து, வட்டத்துக்குள் கூட்டத்தைக் கொண்டுவந்து, தெளிவாக்கினான்.

பறவை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இறகின் ஓரத்து வெளுப்புகூடத் தெரிந்தது. மூக்கின் நுனியில் ஒரு கட்டி. கறுப்பாக, ஈரமாக, ஒரு பக்கம் கொஞ்சம் தொங்கலாக. எபினேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பறவை ஒரு குட்டைத் தண்ணீரில் மூக்கை முக்கியது. தலையை ஒரு உதறு உதறியது. கட்டி தெறித்து விழுந்தது. ஊசி மாதிரி மெல்லிய மூக்கோடு ஒரு சாதாரணக் கொசு உள்ளான், ஒன்றுமே நடக்காததுபோலப் புழு தேடப் போனது.

சேறு.

அப்படியானால் போன வருஷமும் சேறுதான். அவனுக்கு ஒரு சந்தேகமும் மிச்சமில்லை. அந்த நாலு எட்டு, அந்த அகலம், எல்லாம் இதேதான். சிரித்தவர்கள் சரியாகத்தான் சிரித்திருக்கிறார்கள். அதைவிட, சாலமோன் சொன்னது சரி. நேரில் பார்க்காமலே, டூட்டியில் உட்கார்ந்துகொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னவன் சொன்னது சரி. அந்த நிமிஷம் எபினேசருக்கு வந்த ஆத்திரம் போன வருஷம்கூட வரவில்லை. இவன் பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம்போல இருந்தது.

"இன்னா தெரியுது?" என்றான் சாலமோன் காதோரமாக. "சொல்லு. இல்ல நவுரு, நான் பாக்கறேன்."

சாலமோனின் கை அவன் தோளில் விழுந்து தள்ளத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் குனிவான், பார்ப்பான், நிமிர்வான். கோணின உதட்டோடு ஒரே ஒரு வார்த்தை சொல்வான்.

எபினேசர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் கத்தினான்.

"கரண்டிடா! கரண்டிமூக்குடா மாப்ள! அதேதான்டா!"

கழி முழுக்கக் கேட்டது. கொசு உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி, எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பின. பெரிய கூட்டமாகத் திரும்பி, வயிற்று வெள்ளையைக் காட்டி, புகைக்கூண்டுப் பக்கமாகப் போயின. சாலமோன் அவனை இடித்துத் தள்ளிவிட்டு ஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது, வட்டத்துக்குள் வெறும் சேறுதான் இருந்தது.

இப்போது வரும் என்று எபினேசர் தயாரானான். வேண்டும் என்றே கத்தினாய் என்பான். உன் வாயில் உண்மையே வராது என்பான். பதிலுக்கு என்ன சொல்லவேண்டும் என்பதும் நாக்கு நுனியில் இருந்தது. தன்னுடைய கண்ணில் தண்ணீர் நிற்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

சாலமோன் நிமிர்ந்தான். எபினேசரின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான்.

"பதினஞ்சு வருஷத்துல நீ கழில கத்தி நான் கேட்டதே இல்ல" என்றான். கிசுகிசுப்பு போய் வழக்கமான குரல் வந்திருந்தது. "ஒரு பறவைய ஓட வெச்சவன் இல்ல நீ. உன்னையே மறந்து கத்திருக்கன்னா..." தலையைத் தடவிக்கொண்டான். "போன வருஷமும் இப்படித்தான் துள்ளிருப்ப. கூட நான் இல்லாம போயிட்டேன். தனியா பாத்துட்டு வந்து சொன்னவன போயி..."

"மாப்ள, இரு..."

"சும்மா இரு மச்சான். பேசினா பேசினதுதான்."

மச்சான். பத்து மாதத்துக்குப் பிறகு. சாலமோன் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். "எல்லாருக்கும் வணக்கம். நான் சாலமோன் பேசறேன். எங்க மச்சான் எபினேசரு போன வருஷம் கரண்டிமூக்கு பாத்தேன்னு சொன்னது உண்மை. இன்னிக்கி எங்கூட நின்னு ஸ்கோப்புல பாத்தாரு. நான்தான் அன்னிக்கி வாய்க்கொழுப்புல தப்பா பேசிட்டேன். எல்லாரு முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன். இனிமே எவனாவது அவுர கரண்டின்னு கூப்ட்டா என்கிட்ட வந்து பேசட்டும்."

அது போய்ச் சேர்கிற வரைக்கும் எபினேசருக்கு நேரம் இருந்தது. கையை நீட்டிப் போனைப் பிடுங்கியிருக்கலாம். 'சேறுதான் மாப்ள' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன வருஷம் தப்பாகப் பார்த்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. அதற்கு ஊர் சிரித்தது. இன்றைக்குச் சரியாகப் பார்த்துவிட்டுப் பொய் சொன்னான். குரூப்பில் இதற்குள் வாழ்த்துகள் வரத் தொடங்கிவிட்டன. சாலமோன் சட்டைப் பைக்குள் போன் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஸ்கோப்ப நீயே எடுத்துக்கினு போ" என்றான் சாலமோன். "கழட்ட வேணாம். அப்படியே இருக்கட்டும். மத்தியானம் ஊட்டுக்கு வா, உன் தங்கச்சி உன்ன பாத்தா அழுவா. நாளைக்கி மெட்ராஸ்காரனுங்க எல்லாம் வருவானுங்க. நான் லீவ் சொல்லிட்டேன்னு வெச்சிக்கோ. அது கெடைக்கிற வரைக்கும் இங்கயே நிக்கப்போறேன். ஒருத்தன் உன்ன பாத்து சிரிக்கக்கூடாது."

போன பறவைகள் திரும்பி வந்து, ஒவ்வொன்றாகச் சேற்றில் இறங்கின. கொசு உள்ளான்கள் பழையபடி உப்பளக் கரையோரம் பரவி மேயத் தொடங்கின. சாலமோன் குரலைத் தணித்துக்கொண்டான். ஸ்கோப்பின் மேல் குனிந்தான்.

"எந்தப் பக்கம் மச்சான்? எங்க நின்னுச்சி, கரெக்டா காட்டு."

எபினேசர் குனிந்து, சேற்றில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்தான்.

"மச்சான். எந்தப் பக்கம்?"

எபினேசர் கையைத் தூக்கிக் காட்டினான். சாலமோன் குழாயை அந்தப் பக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு மூக்காகப் பார்க்கத் தொடங்கினான்.