பாசிக்குட்டை

மலாயாவில் லூபோக் சீனாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பால்வெட்டுக்காரி இருதயம்மாள், செத்துப்போன புருஷன் விட்டுச்சென்ற ஒரே மகள் செலினோடு அந்தக் கம்பிக்குள் இருந்தாள்.

ரப்பர் பாலை உறையவைக்கும் ஆலையின் புளித்த கழிவுநீர் மேட்டுக் குட்டையில் போய் விழும். குட்டை முழுக்கப் பச்சைப் பாசி. வெயில் பட்டுப் பாசி விடும் காற்றில் உயிர்வாழும் கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். லயத்து ஓடையில் இறங்கும்போது தண்ணீரில் நாற்றமே இருக்காது.

காட்டில் ஒளிந்து சண்டை போடும் காட்டுக்காரர்களுக்குப் போகும் அரிசி டின்கள் பாசிக்கடியில் கிடப்பதாகப் போலீஸ் அதிகாரி சந்தேகப்பட்டார். குட்டையின் அடி தெரிய வேண்டும் என்றார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. கணக்கெழுதும் கிராணி சாமிநாதன் பாசியைக் கொல்லும் மயில்துத்தத்தைக் கரைத்து, குட்டையில் ஊற்ற இருதயம்மாளிடம் கொடுத்தார்.

"பாசி செத்தா கிருமியும் செத்துரும். அப்புறம் அழுக்கு அப்படியே ஓடைக்கு எறங்கும்," என்றார் தாழ்ந்த குரலில்.

"தொரைகிட்டச் சொல்லுங்களேன் ஐயா."

"சொன்னா என்னையும் காட்டுக்காரனுக்குக் கூட்டாளின்னு போலீஸ்காரன் புடிச்சிட்டுப் போவான். நீ ஊத்துலா."

ஊற்றினாள். பாசி பழுத்து அமிழ்ந்தது, மீன்கள் மல்லாந்தன. அடியில் டின் ஒன்றும் இல்லை.

அதே வாரம் யாரோ தோட்டத்து லோரியைச் சுட்டார்கள். ஊரடங்கு போட்டு கேட்டைப் பூட்டினார்கள். குடிநீர்க் கிணறு கம்பிக்கு வெளியே இருந்தது. பீப்பாய்த் தண்ணீர் தீர்ந்ததும் சனங்கள் கறுத்துப்போன ஓடையில் மொண்டார்கள். இருதயம்மாள் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். செலினுக்கு வாந்தியும் பேதியும் கண்டது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். காவலுக்கு நின்றவன் அடுத்த லயத்து தனபாலன்.

"அண்ணே, தொறங்க. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்கிட்டக் காட்டிட்டு ஓடியாந்துர்றேன்."

"ஆர்டர் இல்ல தங்கச்சி."

"அப்ப புள்ளைய மட்டுமாச்சும் வாங்கிக்கிட்டுப் போங்க."

தனபாலன் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான். வெயில் ஏறியது. அவள் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். செலின் தண்ணீர் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

மறுநாள் புதைப்பதற்கு மட்டும் கேட்டைத் திறந்தார்கள்.

நாற்றம் துரை பங்களா வரை எட்டியபோதுதான் குட்டை நினைவு வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் குட்டையிலிருந்து பாசித் தண்ணீர் சுமந்து வந்து கலக்கச் சொன்னார் துரை. அந்த வேலைக்கும் இருதயம்மாள்தான்.

"மெதுவா ஊத்து, உசுருள்ள தண்ணி அது," என்றார் கிராணி.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் குடையைத் தாழ்த்திக்கொண்டார். வாளியை மெதுவாகவே சாய்த்துவிட்டு, அடுத்த வாளிக்குத் திரும்பி நடந்தாள்.