ஐஸ்லாந்துக்குப் போன சீர்

உலகச் சிறுவர் பாட்டுப் போட்டியில் இந்தியா முதன்முறையாகக் கலந்துகொள்கிறது என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். கோம்பையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மைக் செட் சங்கிலியின் அக்கா மகள் சிம்ரன் பாடப் போகிறாள் என்றுதான் சொன்னார்கள். ஊரைப் பொறுத்தவரை, இந்தியா அவளுக்குத் துணைக்குப் போயிருந்தது.

தாயும் மகளும் போட்டி நடக்கும் போலந்துக்கு விமானம் ஏறியதிலிருந்து சங்கிலிக்குச் சோறு இறங்கவில்லை. மொட்டை, காதுகுத்து என்று எதிலும் குறை வைக்காத தாய்மாமன் அவன். மருமகள் கோப்பையோடு வர வேண்டும். அதுவும் தன் தயவில் வர வேண்டும்.

ஜெயிப்பதற்கு ஜனங்களின் ஓட்டு வேண்டும். ஆனால் சொந்த நாட்டுக்குப் போடக் கூடாது என்று விதி வைத்துத் தொலைத்திருந்தார்கள். ஊரே சோர்ந்துபோனது. சங்கிலி மட்டும் சோரவில்லை. அவன் மைக் கட்டாத விசேஷம் அந்தப் பக்கம் கிடையாது. ஒரு வீட்டுக்குச் செய்முறை செய்தால் அந்த வீடு திருப்பிச் செய்யும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவன்.

"ஆளுக்கொரு நாட்டுக்குப் போட்டுச் சிதறடிக்காதீக. எல்லாரும் ஒரே நாட்டுக்குச் செய்வோம். அவுக நமக்குத் திருப்பிச் செய்வாக" என்று ஆட்டோவில் குழாய் கட்டிக் கம்பத்திலிருந்து போடி வரை முழங்கினான்.

எந்த நாடு என்பதற்கும் அவன் யோசிக்கவில்லை. ஐஸ்லாந்துக்காகப் பாடிய சின்னப் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் இல்லை. ஏழு வயதில் சிம்ரனுக்கு இருந்த அதே முகம். சங்கிலி உருகிவிட்டான். அந்த நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஜனங்கள் வாக்குத் தவறவில்லை. திராட்சைத் தோட்டத்தில் நின்றவர்களும், குச்சனூரில் சனி பகவானைப் பார்க்க வரிசையில் நின்றவர்களும் போனில் ஐஸ்லாந்தை அமுக்கித் தள்ளினார்கள்.

ஐஸ்லாந்து முதலிடம். இந்தியா இரண்டாமிடம்.

அந்த நாட்டு ஜனம் மொத்தமும் தேனி மாவட்டத்தில் பாதிகூடத் தேறாது என்று அக்கா புருஷன் விஜயகுமார் அப்புறம்தான் பார்த்துச் சொன்னார். அத்தனை பேரும் திருப்பிச் செய்திருந்தாலும் ஈடாகாது; அவர்கள் செய்யவும் இல்லை. டிவியில் உலகப் படத்தைக் காட்டினார்கள். ஐஸ்லாந்துக்கு விழுந்த ஓட்டெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையோரம் ஒரே இடத்தில் மினுமினுத்தது. அது மட்டும் இல்லையென்றால் சிம்ரன்தான் முதல். சங்கிலி டிவியை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் வீடியோ கால் வந்தது. சிம்ரனின் கண்கள் சிவந்திருந்தன.

"மாமா, எனக்குச் செய்ய வேண்டிய சீரை அவளுக்குச் செஞ்சுட்டீகளே."

"தப்புத்தேன் ஆத்தா" என்றான். அத்தனை ஊருக்கும் கேட்கப் பேசியவன் இதை முணுமுணுப்பாகத்தான் சொன்னான்.

அவள் முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஐஸ்லாந்துக்காரியை இழுத்துப் போன் முன்னால் நிறுத்தினாள். இத்தனை ஓட்டு யார் போட்டது என்று அந்தப் பிள்ளை கேட்டாளாம். சிம்ரன் முறை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பல்லில்லாத வாயைத் திறந்து அவள் "மாமா" என்றாள்.

மறுநாள் காலையில் சங்கிலி கம்பத்தில் ஞானதுரையின் நகைக்கடையில் நின்றான். சிம்ரனுக்கென்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த கம்மலை இரண்டு ஜோடியாகச் செய்யச் சொன்னான். இன்னொன்று யாருக்கு என்று ஞானதுரை கேட்டார்.

"இன்னொரு மருமக இருக்கா" என்றான் சங்கிலி. "கொஞ்சம் தூரத்துல."