தண்ணீரில் விரியும் காளான்

காத்தவராயன் காலையில் புங்கந்தோப்பில் எடுத்தது ஆறே ஆறு காளான்கள். உதிர்ந்த இலையின் நரம்பில் முளைத்தவை. பாதி மிளகு அளவில் மஞ்சள் குடை, மயிர்போன்ற காம்பு. இலையோடு தகர டப்பியில் போட்டு, முண்டாசில் முடிந்துகொண்டு வேலைக்கு வந்தான். தங்கம் உருக்கும் கூடத்தில் உலைக்கு விறகு போடுகிறவன் அவன். பகல் முழுக்கச் சூடு பட்டு, காளான்கள் மஞ்சள் பொட்டுகளாகச் சுருங்கிவிட்டன.

மாலையில் வாசல் சோதனை. காவலாள் தங்கவேலு முண்டாசை உதறினான். டப்பி விழுந்தது.

தலைமைக் காவலர் வால்டர் அதைத் திறந்து, ஒரு பொட்டை நகத்தால் சுரண்டினார். விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது.

"இன்னாடா இது?"

"காளான் தொர."

"தங்கம் காய்ச்சுற எடத்துல காளானா? கொழம்பு வைக்கவா?"

"ஒரு எறும்புக்குக்கூட காணாது தொர," என்றான் தங்கவேலு.

வால்டர் சிரிக்கவில்லை. "உலையில போடு. தங்கம்னா நிக்கும். சாம்பலாயிட்டா வூட்டுக்குப் போ."

"வாணாம் தொர. தண்ணி ஊத்துங்க. விரியும்."

"விரியலன்னா?"

"ஜெயிலுக்கு அனுப்புங்க."

தங்கவேலு அவன் தோளைக் கிள்ளினான். "பைத்தியமா உனக்கு? எரிச்சிட்டுப் போயேன்!"

விரியுமா என்பது காத்தவராயனுக்கே உறுதியில்லை. கறுப்புக் காம்புக் காளான் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் எழும். வெள்ளைக் காம்பு கூழாகும். இவற்றின் காம்பு மேலே வெள்ளை, அடியில் கறுப்பு. எந்த வகை என்று மூன்று மழைக்காலமாக அவனுக்குப் பிடிபடவில்லை. இந்த ஆறு கிடைக்கவே ஆவணி முடிந்துவிட்டது. எரித்துவிட்டால் இன்னொரு வருஷம்.

வால்டர் கூஜாவிலிருந்து டப்பிக்குள் தண்ணீர் சொட்டவிட்டுக் கடிகாரத்தை எடுத்தார்.

ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. தங்கவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு ஒரு காம்பு அசைந்தது. சுருக்கம் பிரிந்து, வரிவரியாக மடிப்பு வைத்த குடை விரிந்தது. அடுத்து ஒன்று. நான்கு எழுந்து நின்றன.

"அடேய்!" என்றார் வால்டர். டப்பியை அவன் கையில் வைத்தார். "போ."

காத்தவராயன் போகவில்லை. அங்கேயே குந்தி, டப்பியைக் கண்ணருகே பிடித்தான். வால்டர் சுரண்டியது பொடியாகிப் போயிருந்தது. மிச்சம் ஒன்று கூழாகிக் கிடந்தது. அதன் காம்பின் அடியிலும் கறுப்பு இருந்தது.

"நாலு எழுந்துச்சே, போதாதா? வாய்யா," என்றான் தங்கவேலு.

"ரெண்டு வகை இருக்குது. நான் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்."

"இருந்துட்டுப் போவுது. எங்க போற? வூடு அந்தப் பக்கம்."

"வெளிச்சம் இன்னும் இருக்குது," என்று காத்தவராயன் தோப்பை நோக்கி நடந்தான்.