வயிற்றில் விழுந்த தோட்டா

மாதனின் உள்ளங்கை காற்றில் அசையாமல் நிற்கிறது, பொறுங்க தொரை, அது இன்னும் திரும்பலே, முன்னங்காலுக்குப் பின்னாலே, கீழேயிருந்து மூணிலே ஒரு பங்கு, அங்கேதான் நெஞ்சு இருக்கு என்கிறான், என் தங்கை பொம்மியின் புருஷன், காட்டெருமைத் தடம் பார்க்க மசினகுடிப் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை, எஸ்டேட் மேனேஜர் மேத்யூஸ் துரை சிரிக்கிறார், அவர் கையில் சீமை இரட்டைக்குழல், அதன் தோட்டா என் நடுவிரல் நீளம், இது யானையையே சாய்க்கும், எங்கே பட்டா என்ன மேன் என்கிறார், எங்கே பட்டால் என்னவாம், இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சொல்லுக்கு என் பல் நறநறக்கிறது. அந்தத் துப்பாக்கி தோளை உதைக்கிற உதைக்கு அவருக்கே பயம், சின்னத் துப்பாக்கியைச் சுமந்தபடி பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும், விசையை இழுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார், மலை இடிந்த சத்தம், தோட்டா வயிற்றில் போய் விழுந்தது, காட்டெருமை முதுகைக் கூனிக்கொண்டு உண்ணிப் புதருக்குள் மறைந்தது, செத்திருக்கும், போய்ப் பாரு என்றார், வயித்துலே பட்டது லேசுலே சாவாதுங்க, ரெண்டு மணி நேரம் பொறுத்துப் போலாம் என்றான் மாதன், பயமா உனக்கு என்றார், அந்த ஒரு கேள்விக்காகத்தான் மாதன் போனான், இலையில் ரத்தத்தோடு அரைபட்ட புல்லும் ஒட்டியிருப்பதை எனக்குக் காட்டுகிறான், புதர் பிளக்கிறது, மாதன் கொம்பில் இருக்கிறான், பிறகு தரையில், துரை ஓடுகிறார், நரி சுடத்தான் லாயக்கு என்று அவர் கேலி செய்த சின்னத் துப்பாக்கியை நான் தூக்குகிறேன், காட்டெருமை பக்கவாட்டில் திரும்பியதும் மாதன் சொன்ன இடத்தில் சுட்டேன், நாற்பது அடி ஓடி முழங்கால் மடிந்து விழுந்தது, மாதன் தண்ணி கேட்டான், தண்ணீர்க் குடுவை துரையோடு ஓடிப்போயிருந்தது.

மாதன் சொல்பேச்சுக் கேட்காமல் ஓடிச் செத்தான் என்று விசாரணையில் எழுதினார்கள், காட்டெருமைத் தலையைப் பாடம் பண்ணி துரைமார் கிளப்பில் மாட்டினார்கள், கீழே பித்தளைத் தகட்டில் மேத்யூஸ், ஒரே தோட்டா என்றிருப்பதாக பட்லர் படித்துச் சொன்னார், பொம்மி அழவில்லை, தோலை உரிச்சது நீதானேண்ணா, தோலு பொய் சொல்லுமா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து, துரைக்கு வேண்டாமென்று என்னிடமே கிடந்த தோலைச் சுருட்டித் தூக்கிப்போய் கிளப்பின் புல்வெளியில் விரித்தேன், வயிற்றில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை, முன்னங்காலுக்குப் பின்னால் சுண்டுவிரல் ஓட்டை, இதுலே எதுங்க தொரை உங்களது என்று கேட்டேன், குடிச்சிருக்கான், வெளியே தள்ளு என்று அவர் கத்தினார், யாரும் அசையவில்லை, என் வேலை அந்த நிமிஷமே போயிற்று, போகட்டும், வெள்ளைத்தலை விருந்தாளி ஒருவர் குனிந்து சின்ன ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்தார், சின்னத் தோட்டா, ஆனா இடம்தான் இடம், பேரு என்னப்பா என்று ஆவலாகக் கேட்டார், தோட்டாவின் பேரைக் கேட்கிறார், ஒரு மனுஷன் செத்ததை இன்னும் ஒருவர்கூடக் கேட்கவில்லை, மாதனுங்க என்றேன், அவர் புரியாமல் விழித்தார், மாதன், செத்தவன் பேரு மாதன், துரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், கதவைச் சாத்திய பிறகும் அவருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நின்றேன்.